தண்ணீர் வருவது சரி, போகும் வழி எங்கே?



நமது பழைய லயங்கள் பலவற்றில் குளிக்கும் அறையும் கக்கூசும் வீட்டோடு ஒட்டி இருப்பதில்லை. பின்கட்டில் தனியாக நிற்கும். விடியற்காலை பெரட்டுக்குப் போவதற்கு முன் வீட்டுப் பைப்பில் வாளி வாளியாகப் பிடித்து அங்கே கொண்டுபோய் ஊற்றுவது பெண்களின் வேலை. மழை பெய்தாலும் சரி, காய்ச்சல் அடித்தாலும் சரி, இதில் மாற்றமில்லை. ஆகவே “பின்கட்டுக்கு ஒரு பைப் இழுத்துவிட்டால் போதும், பாதிக் கஷ்டம் தீர்ந்தது” என்று எல்லாரும் நினைக்கிறோம். அந்த நினைப்பு நியாயமானதே. ஆனால் அதில் பாதிதான் உண்மை. மற்றப் பாதியைச் சொல்லத்தான் இந்த மாதப் பாடம்.

நான் ஒரு தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெசராக இருந்தபோது நடந்ததைச் சொல்கிறேன். பால்வெட்டும் தம்பி ஒருவர் தம் வயதான தாயாருக்காகப் பின்கட்டு அறைக்குத் தண்ணீர் இழுத்தார். தாயாருக்கு முழங்கால் வலி, வாளி தூக்க முடியாது. ஒரே ஞாயிற்றுக்கிழமையில் வேலை முடிந்தது. குழாயைத் திறந்தால் தண்ணீர் கொட்டியது. வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். ஆனால் குளித்த தண்ணீர் போக வழி செய்யவில்லை. அது கதவு வழியாக வெளியே வந்து வாசலில் தேங்கியது. ஒரு மாதத்தில் வாசல் கல்லில் பாசி பிடித்தது. யாருக்காகத் தண்ணீர் இழுத்தாரோ அந்தத் தாயாரே அந்தக் கல்லில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. “தண்ணி வந்தா போதும்னு நெனச்சேன், டிரெசரையா. போற தண்ணியப் பத்தி நெனைக்கவே இல்லீங்க” என்று அந்தத் தம்பி கண் கலங்கினார்.

தோழர்களே, இதுதான் பாடத்தின் சாரம்: வரும் தண்ணீர் அழுத்தத்தால் வருகிறது. அது மேட்டிலும் ஏறும், வளைந்தும் வரும். போகும் தண்ணீருக்கு அந்தப் பலம் இல்லை. அது சரிவில் மட்டுமே போகும். ஆகையால் முதலில் போகும் வழியைப் பாருங்கள், பிறகு பைப்பை இழுங்கள்.

நம் நாட்டில் இது புதிய பாடமும் அல்ல. 1901-ஆம் ஆண்டு கிள்ளானுக்கு அரசாங்க வைத்தியராக வந்த டாக்டர் மால்கம் வாட்சன், மலேரியாவால் ஜனங்கள் மடிவதைக் கண்டு, மருந்தை மட்டும் நம்பாமல் சதுப்பு நிலத்தில் கால்வாய் வெட்டித் தண்ணீரை வடிய வைத்தார். கொசு குறைந்தது, மரணமும் குறைந்தது. ஊருக்கு அன்று பொருந்தியது உங்கள் பின்கட்டுக்கு இன்றும் பொருந்தும்.

1. இரண்டு வகைக் கழிவுத் தண்ணீர்

பின்கட்டிலிருந்து வெளியேறும் தண்ணீர் இரண்டு வகை. குளித்த, துணி துவைத்த சோப்புத் தண்ணீர் ஒன்று. கக்கூஸ் தண்ணீர் மற்றொன்று. இரண்டையும் ஒன்றாக எண்ணிவிடக் கூடாது.

சோப்புத் தண்ணீர் முறையாகக் கட்டிய கால்வாய்க்குப் போகலாம். கக்கூஸ் தண்ணீர் ஒருபோதும் திறந்த கால்வாய்க்குப் போகலாகாது. டைபாய்டு, வயிற்றுப்போக்கு, ஒருவகை மஞ்சட்காமாலை ஆகியவற்றின் கிருமிகளும், வயிற்றுப் பூச்சிகளின் முட்டைகளும் மலத்தில் இருக்கின்றன. கால்வாயில் பந்து விழுந்தால் கையை விட்டு எடுக்கிற பிள்ளைக்கு இதெல்லாம் தெரியாது. “எங்க வீட்டு லோங்காங் ஓடிக்கிட்டுத்தானே இருக்கு” என்று சொல்லாதீர்கள். உங்கள் வீட்டைத் தாண்டி ஓடுவது அடுத்த வீட்டுப் பின்கட்டுக்குத்தான்.

2. சரிவை அளப்பது எப்படி?

4 அங்குலக் கழிவுப் பைப்புக்கு நல்ல சரிவு 40-க்கு 1. அதாவது 10 அடி தூரத்துக்கு 3 அங்குல இறக்கம். மேலே சொன்ன தம்பியின் அறையிலிருந்து கால்வாய் 24 அடி தூரம். அப்படியானால் 7 அங்குலத்துக்குச் சற்று மேல் இறக்கம் வேண்டும். அந்த இறக்கம் இருக்கிறதா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. செம்பனைக் காட்டு மண் தட்டையாகத் தெரியும், ஆனால் மேடாக இருக்கும்.

இதற்குக் கொத்தனார்கள் செய்யும் எளிய வழி ஒன்று உண்டு. கண்ணாடிபோல் தெளிவான ரப்பர் குழாய் ஒன்றை எடுத்துக் காற்றுக் குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்புங்கள். ஒரு முனையை அறையருகிலும் மறுமுனையைக் கால்வாயருகிலும் இருவர் நிமிர்த்திப் பிடியுங்கள். இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். அந்த மட்டத்திலிருந்து தரை எவ்வளவு கீழே இருக்கிறது என்று இரண்டு பக்கமும் அளந்தால், வித்தியாசமே உங்கள் இறக்கம். காசு செலவில்லாத கருவி இது.

இறக்கம் போதவில்லையா? அறையின் தரையை உயர்த்த வேண்டும், அல்லது அறையை வேறு இடத்தில் கட்ட வேண்டும். பைப் இழுத்த பிறகு இதைக் கண்டுபிடித்தால் எல்லாவற்றையும் இடிக்க வேண்டிவரும்.

3. கக்கூஸ் பைப்பும் செப்டிக் டேங்கும்

கக்கூஸ் பீங்கானுக்குக் கீழே கழுத்துப்போல் வளைந்த பகுதி ஒன்று உண்டு. அதில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். அந்தத் தண்ணீர்தான் கதவு. நாற்றமும், ஈயும், கரப்பானும் உள்ளே வராமல் தடுப்பது அதுவே. வளைவு இல்லாத பீங்கானை மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்காதீர்கள். ஒரு செம்பு, இரண்டு செம்பு ஊற்றியும் கழுவுகிற பீங்கானே நமக்கு ஏற்றது. தண்ணீர் வராத நாளிலும் அது வேலை செய்யும்.

அங்கிருந்து 4 அங்குலப் பைப் நேராகச் செப்டிக் டேங்குக்குப் போக வேண்டும். வளைவுகளைக் குறையுங்கள். திருப்பியே ஆக வேண்டுமானால் ஒரே செங்குத்து வளைவு போடாமல் இரண்டு சாய்வு வளைவுகள் போடுங்கள். திருப்பம் உள்ள இடத்தில் மூடி போட்ட ஒரு தொட்டி வையுங்கள். அடைப்பு வந்தால் தரையைத் தோண்டாமல் அங்கேயே குத்தி எடுக்கலாம்.

செப்டிக் டேங்கில் கனமானது அடியில் தங்கும், இலேசானது மேலே மிதக்கும், நடுவில் இருக்கும் தண்ணீர் வெளியேறும். தெளிவாகத் தெரிந்தாலும் அந்தத் தண்ணீரில் கிருமி உண்டு. அது மண்ணுக்குள் பரவி வடிய வேண்டும், அல்லது அனுமதி பெற்ற வழியில் போக வேண்டும். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒரு முறை டேங்கிலுள்ள சேற்றை லாரி வைத்து எடுக்க வேண்டும். எடுக்காமல் விட்டால் சேறு நிறைந்து, மலம் அப்படியே வெளியே வரும்.

தாய்மார்கள் கவனிக்க: பெம்பர்ஸ், மாதவிடாய்த் துணி, சோறு, எண்ணெய் எதையும் கக்கூசில் போடாதீர்கள். கிருமி நாசினியை டின் டின்னாக ஊற்றுவதும் தவறு. டேங்கில் கழிவைச் செரிக்க வைக்கும் நல்ல கிருமிகளை அது கொன்றுவிடும். குளிக்கிற தண்ணீரையும் சிறிய டேங்கில் விடாதீர்கள். அந்த வேகத்தில் அடியில் தங்கவேண்டிய சேறு கலங்கி வெளியேறும்.

டேங்கின் காற்றுப் பைப்பின் தலையில் கொசுவலைத் துண்டு ஒன்றைக் கட்டுங்கள். செப்டிக் டேங்குக்குள் கொசு பெருகி அந்தப் பைப் வழியாகவே வெளியே வருவது பலருக்குத் தெரியாது.

கிணற்றுத் தண்ணீர் எடுக்கும் தோட்டமாக இருந்தால் டேங்கும் குழியும் கிணற்றுக்குக் கீழ்ப்பக்கமாக, குறைந்தது 50 அடி தள்ளி இருக்க வேண்டும். மணற்பாங்கான மண்ணில் கிருமி தூரம் போகும். அங்கே 100 அடி தள்ளுவது நல்லது.

4. குளிக்கும் தண்ணீர்

அறையின் தரை ஒரு மூலையை நோக்கிச் சரிய வேண்டும். அந்த மூலையில் சல்லடை போட்ட வாயும், அதற்குக் கீழே தண்ணீர் நிற்கும் வளைவும் வேண்டும். முடியும் சோப்புத் துண்டும் சல்லடையில் நிற்கும். வாரம் ஒரு தரம் எடுத்து எறிந்தால் போதும். சிமெந்துத் தரையை வழவழப்பாகத் தேய்க்காமல் கொஞ்சம் சொரசொரப்பாக விடச் சொல்லுங்கள். சுவரில் ஒரு கைப்பிடிக் குழாயும் இருந்தால் வயதானவர்களுக்குப் பேருதவி.

அறையிலிருந்து கால்வாய்வரை சிமெந்துக் கால்வாயோ பைப்போ இருக்க வேண்டும். மண்ணில் வெட்டிய வாய்க்கால் வேண்டாம். ஈர மண்ணில் கொக்கிப்புழுவின் குஞ்சுகள் உயிர் வாழும். வெறுங்காலோடு நடப்பவரின் தோலைத் துளைத்து உள்ளே போய்க் குடலில் ஒட்டிக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சும். தோட்டத்துப் பிள்ளைகள் வெளுத்துச் சோர்ந்து நின்ற காலத்தை முதியவர்கள் அறிவார்கள். தேங்கிய தண்ணீருக்கு எலியும் வரும். எலி மூத்திரம் கலந்த தண்ணீர் காலிலுள்ள புண்ணில் பட்டால் கடுமையான காய்ச்சல் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். பின்கட்டுக்குச் செருப்பில்லாமல் யாரையும் விடாதீங்க.

பக்கத்தில் கால்வாய் இல்லையென்றால் கல் நிரப்பிய உறிஞ்சு குழி வெட்டலாம். முதலில் மண்ணைச் சோதியுங்கள். ஓர் அடி ஆழக் குழியில் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். சில மணி நேரமாகியும் வற்றாவிட்டால் அது களிமண். அங்கே உறிஞ்சு குழி உதவாது, கால்வாய்தான் வேண்டும்.

5. இப்போது பைப்பை இழுப்போம்

போகும் வழி தயாரான பிறகுதான் இந்த வேலை. வீட்டுப் பைப்பிலிருந்து பிரியும் இடத்தில் தனியாக ஒரு ஸ்டாப் காக் வையுங்கள். பின்கட்டில் பைப் உடைந்தால் அதை மட்டும் மூடலாம். வீட்டுக்குத் தண்ணீர் நிற்காது.

தூரம் அதிகமென்றால் அரை அங்குலப் பைப் போதாது. முக்கால் அங்குலப் பைப்பின் வாய் அரை அங்குலத்தின் வாயைவிட இரண்டே கால் மடங்கு பெரியது. விலை சற்றுத்தான் கூடும். தொட்டியிலிருந்து தண்ணீர் எடுக்கிறவர்கள் இதை இன்னும் கவனிக்க வேண்டும். தொட்டி குழாயைவிட 10 அடி உயரத்தில் இருந்தாலும் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 4 பவுண்டுக்குச் சற்று மேல்தான் கிடைக்கும். மெல்லிய நீண்ட பைப்பில் அதுவும் குறைந்து சொட்டுச் சொட்டாகத்தான் வரும்.

பைப்பைத் தரைமேல் போடாதீர்கள். வெயிலில் கெட்டுப்போகும், மோட்டார் சைக்கிள் ஏறினால் உடையும். ஒன்றரை அடி ஆழத்தில் புதையுங்கள். கழிவுப் பைப் போகும் குழியிலேயே தண்ணீர்ப் பைப்பைப் போடக் கூடாது. இரண்டும் குறுக்கே கடக்க நேர்ந்தால் தண்ணீர்ப் பைப் மேலேயும் கழிவுப் பைப் கீழேயும், நடுவில் குறைந்தது ஓர் அடி இடைவெளியும் இருக்கட்டும். கால்வாய்த் தண்ணீருக்குள் மூழ்கிப் பைப் போவதும் ஆபத்தே. தண்ணீர் நின்றுபோகும் நேரத்தில் சிறு விரிசல் இருந்தாலும் அழுக்கு உள்ளே இழுக்கப்படும்.

மண் மூடுவதற்கு முன் எல்லாக் குழாய்களையும் அடைத்துவிட்டு மீட்டரைப் பாருங்கள். இரவு பார்த்த எண்ணும் காலையில் பார்க்கும் எண்ணும் ஒன்றாக இருந்தால் ஒழுக்கு இல்லை. ஒரு விநாடிக்கு ஒரு சொட்டு ஒழுகினாலும் நாளைக்குச் சுமார் 20 லிட்டர் வீணாகும். அது காசு மட்டுமல்ல, ஓயாத ஈரமும்கூட.

6. ரப்பர் குழாய் வாளிக்குள் மூழ்கலாமா?

கூடாது. இதை எல்லாரும் மனத்தில் வையுங்கள். குழாயில் மாட்டிய ரப்பர் குழாயின் முனை வாளிக்குள் மூழ்கிக் கிடக்கும்போது மெயின் பைப்பில் அழுத்தம் குறைந்தால், வாளித் தண்ணீர் திரும்பிப் பைப்புக்குள் ஏறும். பிறகு அது யார் வீட்டுச் செம்பில் வந்து விழுமோ தெரியாது.

மருந்தடிக்கும் தோழியரே, இது உங்களுக்கு இன்னும் முக்கியம். மருந்து பம்ப்பில் ரப்பர் குழாயை முக்கித் தண்ணீர் பிடிக்காதீர்கள். பாராகுவாட் 2020 ஜனவரி முதல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டது உண்மைதான். ஆனால் தடையில்லாத மருந்துகளும் விஷந்தான். தனி வாளியில் தண்ணீர் பிடித்து, அதிலிருந்து பம்ப்பில் ஊற்றுங்கள். பின்கட்டுக் குழாயின் வாய் வாளி விளிம்புக்கு ஒரு சாண் மேலே இருந்தால் அந்தக் காற்று இடைவெளியே காவல்.

7. தொட்டியும் டிரம்மும்

குழாய் வந்த பிறகும் தண்ணீர் நின்றுபோகும் பயத்தில் டிரம்மில் பிடித்து வைக்கிறோம். தவறில்லை. ஆனால் மூடி வேண்டும். டிங்கிக் கொசு பெரும்பாலும் சுத்தமான தண்ணீரில் முட்டையிடும். ஏறக்குறைய ஒரு வாரத்திலிருந்து பத்து நாளுக்குள் முட்டை கொசுவாகிவிடும். ஆகவே வாரம் ஒரு முறை தண்ணீரைக் கொட்டி உட்சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். தேய்க்காமல் கொட்டினால் பயனில்லை. சுவரில் ஒட்டிய முட்டை காய்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். கழுவ முடியாத பெரிய தொட்டியில் 10 லிட்டருக்கு 1 கிராம் கணக்கில் அபேட் மருந்து போடலாம். 1975-ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டப்படி, வளவில் கொசு பெருக விடுவது குற்றம் என்பதும் நினைவிருக்கட்டும்.

8. இதை யார் செய்ய வேண்டும்?

“எல்லாம் சரிங்க. காசு யாரு கொடுப்பா?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி.

தோட்டத்து வீடு நிர்வாகத்தினுடையது. தொழிலாளர் வீட்டுவசதி பற்றி 1966-இல் ஒரு சட்டம் வந்தது. அதன் இடத்தில் 1990-இல் வந்ததுதான் 446-ஆம் சட்டம். 2020 ஜூன் 1 முதல் அது மற்றத் தொழில்களுக்கும் விரிவாக்கப்பட்டது. வீட்டுக்குப் போதுமான பைப் தண்ணீரை இலவசமாகக் கொடுப்பதும், கட்டடங்களை நல்ல நிலையில் வைப்பதும் தோட்ட முதலாளியின் கடமை என்று அச்சட்டம் சொல்கிறது. அனுமதியில்லாமல் வீட்டை நீட்டிக் கட்டுவதையும் மாற்றிக் கட்டுவதையும் அதே சட்டம் விடுவதில்லை. ஆகவே இரவோடிரவாக நாமே தோண்டுவது வேண்டாம். அப்படிச் செய்தால் பிறகு உடைந்தாலும் அடைத்தாலும் “நீ செய்தது, நீயே பார்” என்று சொல்லிவிடுவார்கள்.

லயத்தார் ஒன்றுகூடிப் பேசுங்கள். எந்தெந்தப் பின்கட்டில் தண்ணீர் இல்லை, எங்கே கால்வாய் உடைந்திருக்கிறது, எந்த டேங்க் நிறைந்திருக்கிறது என்று வீட்டெண் போட்டு எழுதுங்கள். தோட்டக் கமிட்டி மூலம் நிர்வாகத்துக்கு எழுத்தில் கொடுத்து, ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள். கடிதத்தில் “தண்ணீர் வேண்டும்” என்று மட்டும் எழுதினால் பைப் மட்டும்தான் வரும். “தண்ணீரும், அது வெளியேறும் கால்வாயும் வேண்டும்” என்று சேர்த்து எழுதுங்கள். வேலையை லைசென்ஸ் உள்ள பைப்காரர் செய்யட்டும். மூடுவதற்கு முன் நம்மில் ஒருவர் கூடவே நின்று சரிவை அளந்து பார்க்கட்டும்.

வேலை முடிந்ததும் பார்க்க வேண்டியவை

ஒரு வாளித் தண்ணீரைத் தரையில் கொட்டுங்கள். குட்டை நிற்காமல் முழுவதும் வடிய வேண்டும்.

கக்கூசில் இரண்டு செம்பு ஊற்றுங்கள். தடையின்றிப் போய், வளைவில் தண்ணீர் நிற்க வேண்டும்.

மேன்ஹோல் மூடியும் டேங்க் மூடியும் குழந்தை தூக்க முடியாதபடி கனமாக இருக்க வேண்டும்.

அடுத்த நாள் காலை வாசல் கல் காய்ந்திருக்க வேண்டும்.

இந்த நாலாவதை மறக்காதீர்கள். அந்தத் தம்பியின் பின்கட்டுக்கும் பிறகு நிர்வாகத்தின் மூலமாகவே 24 அடிக்குச் சிமெந்துக் கால்வாய் போட்டார்கள். ஒரே நாள் வேலை. தாயார் ஊன்றுகோலோடு நடக்க ஆரம்பித்தபோது வாசல் கல் காய்ந்துதான் இருந்தது. அந்த ஒரு நாள் வேலை, பைப் இழுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னாலேயே நடந்திருந்தால் அந்த அம்மாவுக்கு ஊன்றுகோலே தேவைப்பட்டிருக்காது.

இன்று மாலை உங்கள் பின்கட்டுக்குப் போங்கள். குழாயைப் பார்க்க வேண்டாம், காலடியைப் பாருங்கள். ஈரம் இருந்தால் நாளைக்கே தோட்டக் கமிட்டியிடம் சொல்லுங்கள்.